முதல் அழுக்கு

கொப்பரையில் கரும்புச்சாறு காயும்போது கருத்த நுரை திரண்டு மேலே ஒதுங்கும். புதுச்சத்திரத்துப் பக்கம் அதை அழுக்கு என்பார்கள். வடித்தெடுத்து மாட்டுக்கு வைப்பது வழக்கம். எருமை வைத்திருந்த பாப்பாயியும் சட்டியோடு ஆலைக்கு வந்து நிற்பாள். அங்கே பாகு காய்ச்சுகிறவன் அவள் புருஷன் சென்னியப்பன்தான். முகத்தைப் பார்க்காமல் ஊற்றுவான்.

ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடச் சட்டம் வந்தபோது ஊர்ப் பெண்கள் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். பாப்பாயியும் வைத்தாள். ஆனால் சென்னியப்பன் குடித்துவிட்டு அடிக்கிறவன் அல்ல. பொழுது சாய்ந்து கடையிலிருந்து வந்தால் பேசுவான். யார் யாரோடு மல்லுக்கு நின்றான், எவன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய்வீடு போனாள் என்று சோறு ஆறுகிறவரை சொல்வான். பிள்ளையில்லாத வீடு அந்தப் பேச்சில் நிறைந்திருந்தது. கடையை மூடினார்கள், பேச்சும் நின்றுவிட்டது.

அவன் திருந்திவிட்டான் என்று ஊர் சொன்னது. அவளுக்கோ வேற்றாளுக்குச் சோறு போடுவதுபோல் இருந்தது. குடிக்காத புருஷனைக் குறை சொன்னால் எந்தப் பெண் காதுகொடுப்பாள்?

கரும்பு வெட்ட வரும் மாரக்காளிடம் மட்டும் சொன்னாள்.

"பேச்சுத்தான் வேணும்னா ஒரு கிளி வாங்கி வளத்துக்க" என்று மாரக்காள் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டிலேயே போதைக்கு ஊறல் போட வழி சொல்லிக்கொடுத்தாள். அழுக்கில் தண்ணீர் கலந்து, வேலம்பட்டையைத் தட்டிப் போட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டிச் சூடான எருக்குழியில் புதைக்க வேண்டும். சாற்றில் சுண்ணாம்பு போடுவதற்கு முன் எடுத்த அழுக்காக இருக்க வேண்டும். சுண்ணாம்பு பட்டால் சரியாகப் புளிக்காது.

மறுநாள் பாப்பாயி முதல் அழுக்கைக் கேட்டாள். சென்னியப்பன் அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தான். ஊற்றினான்.

எருக்குழியில் புதைத்த ஊறல் பக்குவமானதும், ஒரு மாலையில் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் சொம்பை வைத்தாள். வாசனை முந்திக்கொண்டது.

"எருமைக்குன்னா சுண்ணாம்பு போட்ட அழுக்கே போதுமே" என்றான் அவன். "அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா ஊத்துனீங்க?"

"போலீசு வந்தா உன்னையத்தான் கூட்டிட்டுப் போவாங்க. எதுக்குப் புள்ள இது?"

"நீங்க எங்கிட்டப் பேசி எத்தனை நாளாச்சுங்க."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தப் பார்வையில் இருந்தது இரக்கம். பிறகு சொம்பை எடுத்து, கஷாயம் குடிப்பதுபோல் கண்ணை மூடிக் குடித்தான்.

அவள் காத்திருந்தாள். அவன் முகம் சிவந்தது, கண்கள் தளர்ந்தன. பழைய முகம்தான். அவள் சற்று நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இதோ, இப்போது ஆரம்பிப்பான்.

அவன் சுவரைப் பார்த்தபடி இருந்தான். பனைமரத்தடியும், கலயத்தைச் சுற்றி உட்கார்ந்து கத்துகிற ஆட்களும், அவர்களுடைய சண்டைகளும் இல்லாமல் இவன் பேச எதை எடுத்து வருவான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கள்ளு பேசியதாக அல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தாள்? இனி வேண்டாம் என்று சொம்பை எடுக்கக் கை நீட்டினாள்.

அதற்குள் அவன் காலிச் சொம்பை அவள் பக்கம் தள்ளினான்.

"இன்னும் இருக்குதா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளிடம் அவன் தனக்கு வேண்டுமென்று எதையும் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

"இருக்குதுங்க" என்று எழுந்து போனாள்.