இடது காறை எலும்பு

நைட் ஷிப்ட் முடிந்து சுரங்கத்து வாசலில் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்த தங்கராசுவை ஃபோர்மேன் மருதாசலம் கைதட்டிக் கூப்பிட்டார். ஒன்பது வருஷமாக அந்த மனிதரின் மகன்மீது தங்கராசு வஞ்சம் வைத்திருந்தான். அது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டார்.

“நம்ம பொண்ணு புஷ்பாவுக்கு மெடிக்கல் சீட் கெடச்சிருச்சப்பா. திங்கக்கெழமை காலேஜு. என்ன புஸ்தகம் வாங்கறதுன்னுதான் ஒரே கொழப்பம். ஒருத்தர் தலகாணி மாதிரி ஒண்ணைச் சொல்றாரு, இன்னொருத்தர் சுருக்கமாப் போட்டதே போதுங்கறாரு. அவ அண்ணன் சண்முகத்தைக் கேக்கலாம்னா லிபியாவுக்குக் கடுதாசி போயி வர்றதுக்குள்ள மாசமாயிரும். நீயும் மெடிக்கல் காலேஜுல படிச்சவன்தானே? வந்து சொல்லிட்டுப் போ.”

படிச்சவன்தானே! மண்ணைச் சுமந்து ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரிப் போடும் கான்ட்ராக்ட் ஆட்களை நிற்கவைத்து இதே வாய்தான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறது: “டாக்டராகப் போனவனைப் பாருங்கடா, மம்முட்டி புடிக்கறான்.” எல்லோரும் சிரிப்பார்கள். தங்கராசுவும் சிரிப்பான். சிரிக்காதவனுக்கு மறுநாள் வேலை இருக்காது.

“வரேங்க சார்” என்றான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் பின்னால் நடந்தபோது பழையது எல்லாம் வரிசையாக வந்தது. வடக்குத்துக் காலனியிலிருந்து மெடிக்கல் சீட் வாங்கிய முதல் ஆள் அவன். அவர் மகன் சண்முகசுந்தரமும் அதே வருஷம், அதே காலேஜ், ஹாஸ்டலில் ஒரே அறை. அனாட்டமிக்கு மூன்று பாகமாக ஒரு பெரிய புத்தகம் இருந்தது. தூக்கிப் பார்த்தே தங்கராசு மிரண்டுபோனான். தமிழில் படித்து வந்தவனுக்கு அதில் ஒரு பக்கம் நகர ஒரு மணி நேரம் ஆனது. அப்போது சண்முகம்தான் ஒரு சின்னப் புத்தகம் வாங்கி, பிரவுன் அட்டை போட்டு, கையில் கொடுத்தான். “இது போதும்டா. பெருசைப் படிச்சா மண்டைதான் காயும்.”

தங்கராசு அதை வரி விடாமல் மனப்பாடம் செய்தான். சண்முகத்தின் கட்டிலுக்கு அடியில் எலும்புப் பெட்டி ஒன்று பூட்டிக் கிடந்தது. அனாட்டமி படிக்கிறவர்கள் சீனியர்களிடமிருந்து கைமாற்றி வாங்கும் நிஜ எலும்புகள். கேட்டால், “அது வேறொருத்தரோடதுடா, திறக்கக் கூடாது. உனக்குத்தான் புத்தகம் இருக்கே” என்பான். காலேஜில் எலும்புகள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன. பிணத்தை அறுத்துப் படிக்கும் டிசெக்ஷன் ஹாலில் மேஜையைச் சுற்றி நிற்கும் தோள்களுக்குப் பின்னால் தங்கராசு நின்றான்.

வாய்மொழித் தேர்வான வைவாவில் பரீட்சை அதிகாரி ஓர் எலும்பை அவன் உள்ளங்கையில் வைத்தார். காறை எலும்பு. கழுத்துக்குக் கீழே தோளுக்குப் போவது. “வலதா, இடதா?”

தங்கராசு அந்த எலும்பைப் பற்றிய ஒன்றரைப் பக்கத்தையும் ஒப்பித்தான். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, “சரி, வலதா இடதா?” என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சண்முகமும் சிரித்தான். தங்கராசு மூன்று தடவை எழுதினான். மூன்று தடவையும் கையில் எலும்பு வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது தடவைக்குப் பிறகு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினான். அந்தச் சின்னப் புத்தகமும் உள்ளே இருந்தது.

குவார்ட்டர்ஸில் மருதாசலத்தின் மனைவி தனபாக்கியம் காபி கொண்டுவந்தாள். அவருக்கு எவர்சில்வர் டம்ளர், இவனுக்குக் கண்ணாடிக் கிளாஸ். கிளாஸின் விளிம்பு உடைந்திருந்தது. தங்கராசு உடையாத பக்கமாகத் திருப்பிக் குடித்தான்.

புஷ்பவல்லி நோட்டோடு வந்து நின்றாள். பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டு, பெரிய புத்தகங்களை ஒருபுறமும் சின்னதுகளை மறுபுறமும் எழுதியிருந்தாள்.

“இதுல எதுண்ணா?”

அந்தப் பெண் அவனுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னான்.

“சின்னதே போதும் பாப்பா. பெருசைப் படிச்சிகினு இருந்தா மண்டதான் காயும்.”

“அண்ணனோட எலும்புப் பெட்டி இருக்கு. அதைக் கொண்டுபோலாம்தானே?”

தனபாக்கியம் முந்திக்கொண்டாள். “அந்தக் கண்றாவி பேச்ச எடுக்காத. யாரு பொணமோ! கலியாணமாகாத புள்ள இருக்கற வீட்டுல அஞ்சு வருசமா சைக்கிள் ஷெட்டுல வச்சுக்கிட்டு நான் தூங்கறதில்ல.”

“அம்மா, அது படிக்கறதுக்கு…”

“நீ சொல்லு தங்கராசு. அது வேணுமா?”

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள்.

“வேணாங்கம்மா. புத்தகம் போதும்” என்றான். “நான் வேணா எடுத்துக்கினு போய் எங்கயாவது போட்டுடறேன்.”

தனபாக்கியம் அவனைக் கும்பிடாத குறைதான். இரண்டாவது காபி கேட்காமலேயே வந்தது. அதே கிளாஸில்.

வீட்டில் பெட்டியைக் கேரியரிலிருந்து இறக்கியபோது அவன் அம்மா சாமியம்மாள் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

“இன்னாடா பொட்டி?”

“எலும்பு.”

“யாரு எலும்பு?”

“எரிக்க ஆளில்லாம செத்தவன் எவனோ. நம்பள மாரி.”

அவள் கோடரியைக் கீழே வைத்துவிட்டு, “வூட்டுக்குள்ள வெக்காத” என்று மட்டும் சொன்னாள்.

மாட்டுக்கொட்டகையில் வைத்துப் பூட்டை உடைத்தான். ஒவ்வொரு எலும்பிலும் அதன் பெயரும் பக்கமும் பச்சை மையில், சண்முகத்தின் கையெழுத்தில். தங்கராசு காறை எலும்புகளில் ஒன்றைத் தேடி எடுத்து, எழுத்தை மறைத்துப் பிடித்துத் தன் தோள்மேல் வைத்துப் பார்த்தான். உருண்டை முனை நெஞ்சுப் பக்கம். தட்டை முனை தோள் பக்கம். பள்ளம் கீழே. நெஞ்சை ஒட்டிய வளைவு முன்னால் புடைத்திருக்க வேண்டும்; அது ஒரு தோளில்தான் பொருந்தியது. இடது. அவ்வளவுதான்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஐந்து நிமிஷத்தில் தெரிந்துகொள்ளக்கூடியது தெரியாமல் போனதற்காகத்தான் ஒன்பது வருஷமாக மண் வாருகிறான். சனிக்கிழமை ஷிப்ட்டில் பெட்டியை ஓடும் பெல்ட்டில் தூக்கிப் போட முடிவுசெய்தான். மேல்மண்ணோடு போய் மலையாய்க் குவியும் இடத்தில் புதைந்துவிடும். மருதாசலத்தின் மகளும் உள்ளங்கையில் எலும்போடு நின்று ஒப்பிக்கட்டும். அவள் பின்னாலும் சிரிக்கட்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் புஷ்பவல்லி சைக்கிளில் வந்து இறங்கினாள். டவுன்ஷிப் பெண்கள் அந்தத் தெருவுக்குள் வருவதில்லை. கூரைக்குக் கூரை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் யாரையும் கவனிக்காமல், சென்னையிலிருந்து வாங்கிவந்த புத்தகத்தை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். அதே சின்னப் புத்தகம்.

“முதல் பக்கத்தைப் படிங்க.”

தங்கராசு படித்தான். இந்த நூல் சுருக்கம் மட்டுமே. எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பொருத்திப் பார்க்காமல் இதைப் படிப்பது வீண் என்று ஆங்கிலத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

“எலும்பே வேணாம்னு ஏன் சொன்னீங்க? உங்க புத்தகத்துல இந்தப் பக்கம் இல்லையா?”

“இல்ல” என்றான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய விஷயமென்று உறைத்தது. உள்ளே போய் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து பழைய புத்தகத்தை எடுத்துவந்தான். பிரவுன் அட்டையைக் கழற்றினான். முதல் தாள் இருந்த இடத்தில் நூல் கனத்தில் ஓர் ஓரம் மட்டும் நின்றது. கிழிந்ததல்ல. நேர்கோடாக அறுத்தது.

புஷ்பவல்லி விரலால் அதைத் தடவிப் பார்த்தாள்.

“பிளேடு” என்றாள். “எங்கண்ணன் அப்படித்தான் செய்வான். என் ரிப்போர்ட் கார்டுலகூட அறுத்திருக்கான்.”

“எதுக்கு எனக்கு?”

“ஸ்கூல்ல நீங்கதானே ஃபர்ஸ்ட்டு? வடக்குத்துப் பையன் வாங்கறான், உனக்கென்னடா கேடுன்னு அப்பா உங்க மார்க்கைச் சொல்லிச் சொல்லித்தான் அவனை அடிப்பாரு. இடுப்பு பெல்ட்டால.”

தங்கராசு கொட்டகைக்குப் போனான். பெட்டியைத் தூக்கிவந்து அவள் கேரியரில் வைத்துக் கயிறு போட்டு இறுக்கினான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

“எண்ணிப் பாத்துக்க. ஒண்ணு கம்மி.”

“எது?”

“இடது காறை. அது என்கிட்ட இருக்கும். வலதுல படிச்சிக்க.”

“அது எதுக்கு உங்களுக்கு?”

“உங்கண்ணன் தைக்கு லீவுல வருவான் இல்ல? இங்க, இந்தத் தெருவுக்கு, அவனே வந்து கைய நீட்டி வாங்கிக்கணும். நாலு பேரு முன்னால நான் ஒண்ணு கேப்பேன். சொல்லிட்டு எடுத்துக்கினு போவட்டும்.”

“டாக்டருங்க அவன். சொல்லிடுவான்.”

“பச்ச மையை நான் சுரண்டிட்டேன். கை நடுங்காம சொல்றானான்னு பாக்கலாம்.”

அவள் சிரித்துவிட்டாள். உடனே அடக்கிக்கொண்டாள். “வலது இருந்தா போதும். இடதைக் கண்ணாடில பாத்துக்கறேன்” என்று சொல்லிச் சைக்கிளில் ஏறினாள். “நீங்க சொன்னதை அண்ணனுக்கு அப்படியே எழுதிப் போடறேன். பிளேடு சமாச்சாரத்தையும் சேத்து.”

“அதுதான் முக்கியம். விட்டுடாத” என்றான்.

அன்று ஷிப்ட்டில் மருதாசலம் டார்ச்சோடு பெல்ட் ஓரமாக வந்தார். கான்ட்ராக்ட் ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

“ஏம்ப்பா டாக்டரு, எலும்பு வேண்டாம்னு சொன்னே. அவ சண்டை போட்டுத் திரும்பத் தூக்கிட்டு வந்துட்டா. அவ அம்மா சோறு திங்கல. எதுதான் நெசம்?”

“எலும்பு வேணும் சார். நான் சொன்னது பொய்.”

அவர் டார்ச் வெளிச்சத்தை அவன் முகத்தில் அடித்தார். “பொய்யா? ஏன்?”

“எனக்கு யாரு சொன்னாங்களோ அதே பொய்ய உங்க வூட்டுல திருப்பிச் சொல்லிப் பாத்தேன். உங்க மகனைக் கேளுங்க. முதல் பக்கம் எங்கன்னு கேளுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. மருதாசலத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வீட்டில் மகள் கடிதம் எழுதிக்கொண்டிருந்ததும், என்னவென்று கேட்டபோது அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையும் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். டார்ச் மெல்லத் தாழ்ந்தது.

“நாளைக்கு உனக்கு இங்க வேலை இல்ல” என்றார்.

“தெரியும் சார்.”

தங்கராசு மம்முட்டியைப் பெல்ட்டுச் சட்டத்தில் சாய்த்துவைத்தான். சட்டைப் பையிலிருந்த எலும்பைத் தொட்டுப் பார்த்தான். உருண்டை முனை நெஞ்சுப் பக்கமாகத்தான் இருந்தது. சண்முகத்துக்கு லீவு தையில். இன்னும் நான்கு மாதம் இருந்தது.