பொக்கற்றில் இல்லாத போன்

"உங்கட மகனுக்கு மனநோய் இருந்ததெண்டு ஊரில ஆருக்கம்மா தெரியும்?" என்று கிளிநொச்சி நீதிமன்ற வளவில் வைத்துச் சட்டத்தரணி நிசாந்தினி கேட்டாள். ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டதே தாய் இராசேஸ்வரிதான்.

பதினான்கு நாட்களுக்கு முன், ஸ்கந்தபுரத்தில், பட்டப்பகலில், அவள் மகன் கோகுலன் பக்கத்து வளவு வீரகத்தியரை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டான். வாய்க்காலை மறித்துக்கொண்டு நின்ற மனிதர் "என்ன தம்பி, சாப்பிட்டாச்சோ?" என்றுதான் கேட்டாராம். சின்ன வயதில் அவனைத் தோளில் தூக்கித் திரிந்தவர். இன்னும் இராசேஸ்வரியால் அதை நம்ப முடியவில்லை.

நான்கு வருடமாக, உடுப்பெடுக்கப் போவதாகச் சொல்லி, மாதாமாதம் மகனை வவுனியா கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அங்கேயும் வேறு பெயர், நெளுக்குளத்தில் ஒரு பொய் விலாசம். எல்லாம் மகள் யதுர்ஷிகாவுக்காகத்தான். தமையனுக்கு விசர் என்று தெரிந்தால் எந்த மாப்பிள்ளை வீட்டார் படியேறுவார்கள்? சம்பந்தம் பேசவந்த அன்று கிளினிக் கொப்பியையும் அடுப்பில் போட்டு எரித்தாள். அந்தச் சந்தடியில் இரண்டு மாதம் போடவேண்டிய ஊசியும் தவறிப்போனது.

அவன் தனியே கதைப்பதை மறைக்கவும் ஒரு வழி கண்டிருந்தாள். சந்தையில் இயர்போன் வாங்கி அவன் காதில் மாட்டி, மறுமுனையைச் சேர்ட் பொக்கற்றுக்குள் செருகிவிட்டாள். பொக்கற்றில் போன் இல்லை. "பெடியனுக்கு எந்நேரமும் போன்தான்" என்று ஊர் சிரித்தது. தன் கெட்டித்தனத்தை அவளே மெச்சிக்கொண்டாள்.

"இப்ப டொக்டர் பார்ப்பார். ஆனால் அண்டைக்கு உங்கட மகனுக்குப் புத்தி தெளிவில்லை எண்டதுக்கு ஆர் சாட்சி?" என்றாள் நிசாந்தினி. "ஊர் முழுக்க நல்ல சுகமான பெடியன் எண்டு பொலிசிட்டச் சொல்லியிருக்கு. இப்பிடியே போனால் தெரிஞ்சு செய்த கொலைதான்."

மரத்தடியில் வீரகத்தியரின் மனைவி விமலேஸ்வரி இருந்தாள். வெட்கத்தை விட்டு இராசேஸ்வரி கிட்டப் போனாள்.

"விமலம், அவன் தனியக் கதைக்கிறதை நீ கண்டனியெல்லே. ஒரு வார்த்தை சொல்லன்."

விமலேஸ்வரி கத்தவில்லை. வெறித்துப் பார்த்தாள்.

"கண்டனான். உங்கட குசினிக்கே வந்து கேட்டனானெல்லோ அக்கா. தம்பிக்கு ஏதும் சுகமில்லையோ, இவரை அந்தப் பக்கம் போகவேண்டாமெண்டு சொல்லட்டோ எண்டு. நீங்கள் சிரிச்சனீங்கள். அவன் போனில கதைக்கிறான் எண்டனீங்கள்."

அன்று அந்த அடுப்படியில் இராசேஸ்வரி ஓம் என்றிருந்தால் அந்த மனிதர் இன்று இருந்திருப்பார்.

சிறைச்சாலை பஸ் வந்து நின்றது. விலங்கோடு இறங்கிய கோகுலனின் உதடுகள் அசைந்தபடி இருந்தன. யாருக்கோ விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். வளவிலிருந்த சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"பார்க்கட்டும் அம்மா, எல்லாரும் பார்க்கட்டும்" என்று நிசாந்தினி பின்னாலிருந்து சொன்னது அவள் காதில் ஏறவில்லை. அவள் மகனை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். கொலை நடந்த அன்று வரம்பில் அவள் பொறுக்கிய மகனின் இயர்போனைப் பையிலிருந்து அவள் கை தானாகவே எடுத்திருந்தது. அதன் மறுமுனை வெறும் காற்றில் ஆடியது.