நிழலுக்குக் கட்டிய சாக்கு

கண்ணுச்சாமி அரிவாளோடு வருவதை ரோஜாதான் முதலில் பார்த்தாள். அவளுக்குத் தாய்மாமா, அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். தோளில் செத்த ஆடு ஒன்று தொங்கியது. அதன் வாய் நுரை அவர் முதுகெல்லாம் வழிந்திருந்தது.

"ஏலே ஆண்டிச்சாமி!"

வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அப்பா குடத்தோடு நிமிர்ந்தார். வெம்பக்கோட்டைப் பக்கம் மழை பொய்த்துக்கொண்டே இருந்த காலம் அது. கம்புப் பயிருக்கு இடையிலேயே வேம்பும் நெல்லியும் புளியுமாக வரிசை பிடித்து நட்டிருந்தார். கம்பு ஏமாற்றினாலும் மரம் கைவிடாது, மகளைப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து நிறுத்திவிடலாம் என்பது அவர் நினைப்பு. ஊர் வழக்கமோ, அறுப்பு முடிந்தால் எந்தப் புன்செய்க் காட்டிலும் யார் ஆடும் மேயலாம் என்பது. அப்பா முள்வேலி அடைத்த நாளிலிருந்து மாமாவோடு பேச்சில்லை.

மாமா ஆட்டைக் காலடியில் எறிந்தார். "ஒண்ணு இல்லலே, ஆறு உருப்படி! அறுத்துப் பாத்தா ரத்தம் காப்பித்தண்ணி மாதிரி இருக்கு. என்ன மருந்து வச்ச?"

"மருந்து வைக்க எனக்கென்ன கிறுக்கா? வேலியப் பிரிச்சு உள்ள விட்டது நீரு."

"மரம் வளக்கானாம் மரம்! அதுக்கு வாயில்லாச் சீவனக் கொல்லுவியாக்கும்?"

அரிவாள் இறங்கியது. அப்பா குடத்தைத் தூக்கித் தடுத்தார். பிளாஸ்டிக் குடம் பிளந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் தோலில் தொங்கின. அப்பா மண்வெட்டியை எடுத்து மாமாவின் விலாவில் வீசினார். சரிந்தவர் அப்பாவையும் இழுத்துச் சாய்த்து நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்தார்.

"மாமா, வேண்டாம் மாமா!"

முடியைப் பிடித்து இழுத்த ரோஜாவை உதறினார். விழுந்தவளின் வாயெல்லாம் புழுதி. அவள் கண்ணுக்கு நேரே, வேலிக்குள் புகுந்த மாமாவின் கிடாய்க்குட்டி ஒன்று நின்றது. அது இலையைத் தொடவே இல்லை. வெயிலுக்கு மறைப்பாகக் கன்றைச் சுற்றிக் கட்டிய சாக்கை நக்கிக்கொண்டிருந்தது.

பட்டாசு மருந்துக்குச் சேர்க்கும் வெடியுப்பு வந்த சாக்கு. அவளும் அப்பாவும் கம்பெனியிலிருந்து கொண்டுவந்தது. இந்தப் பக்கம் பாதி வீடுகளில் அதுதான் படுதா, அதுதான் கால்மிதி. உதறினால் உப்புப் போய்விடும் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

"சாக்கு மாமா! உப்புச் சாக்க நக்கித்தான் ஆடு சாகுது!"

அவர் திரும்பவில்லை. அரிவாள் மறுபடி மேலே போயிருந்தது. ரோஜா சாக்கைப் பிய்த்துக்கொண்டு ஓடி, அப்பாவின் முகத்துக்கு மேல் கவிழ்ந்து, மாமா பார்க்கவே அதை நக்கினாள்.

"இந்தா பாரும்! இதுலதான் இருக்கு. கட்டுனது நானு. என்னைய வெட்டும்!"

மாமா அவள் வாயில் அறைந்தார். "துப்பு பிள்ள! துப்பித் தொலை!" தாடையை அழுத்தி, விரலைவிட்டு நாக்கை வழித்தார். அரிவாளை எப்போது கீழே போட்டார் என்று அவருக்கே தெரியாது.

பின்னால் குட்டி கால் பின்னி விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். அப்புறம் தலைத்துண்டை அவிழ்த்து அப்பாவின் கையை இறுக்கிக் கட்டினார்.

"எந்திரியும் மாப்ள. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"எல்லாச் சாக்கையும் அவுத்துரு தாயி," என்றார் அப்பா.

"கன்னு கருகிருமேப்பா."

"அவுத்துரு."

மாமா அப்பாவின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார். "அங்கன கேட்டா என்ன சொல்லுவீரு?"

"மச்சான் வெட்டுனான்னு சொல்லுவேன்."

"சொல்லும்," என்றார் மாமா. பிடியை விடாமல் ரோட்டுப் பக்கம் நடத்திக் கூட்டிப்போனார்.