நாற்பத்தொன்றாம் எண்

திரையில் நாற்பத்தொன்றாம் எண் மின்னியதும் அவள் நாற்காலியில் நிமிர்ந்தாள்.

ஏலக்கூடத்தில் ஏலக்காரருக்குப் பக்கத்தில் கணினியோடு உட்கார்ந்து, ஆன்லைனில் கேட்கிறவர்களின் விலையை உரக்கச் சொல்வது அவள் வேலை. திரையில் பெயர் வராது, எண்தான் வரும். ஆனால் இந்த எண் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அக்கா வீட்டில் உட்கார்ந்து அத்தானின் போனில் பதிவு செய்து கொடுத்ததே அவள்தான்.

அத்தானுக்குப் பஞ்சர் கடை. கம்பியால் நெம்பி நெம்பி டயர் கழற்றியே இடுப்பு போய்விட்டது. மூடிப்போன ஒரு மெக்கானிக் ஷெட்டின் சாமான்கள் ஏலத்துக்கு வருகின்றன, அதில் டயர் கழற்றும் மெஷினும் இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னவளும் அவளே. சொல்லாமல் விட்டது இரண்டு. கேட்ட விலைக்கு மேல் நூற்றுக்கு இருபது கமிஷன் கட்ட வேண்டும் என்று அத்தானிடம் சொல்லவில்லை. விதிமுறைப் பக்கத்தை விரலால் தள்ளிவிட்டுக்கொண்டே போய்விட்டாள். சொந்தக்காரர் ஒருவர் ஏலம் கேட்கப்போகிறார் என்று ஏலக்காரரிடமும் சொல்லவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

கூடத்தில் கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர் விடாமல் அட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தார். அவர் நாற்பத்து நான்காயிரம் என்றார். திரை உடனே மின்னியது.

"ஆன்லைன்ல நாற்பத்தாறாயிரம்" என்றாள்.

அக்காவிடம் மொத்தமாக இருப்பது அறுபதாயிரம். ஐம்பதைத் தாண்டினால் கமிஷனோடு சேர்ந்து கையைக் கடிக்கும். போன் செய்து சொல்லலாம் என்றால், ஏலம் நடக்கும்போது ஊழியர்கள் போனைத் தொடக் கூடாது. அவள் ஏலக்காரர் பக்கம் சாய்ந்தாள்.

"சார், கமிஷன் இருக்குன்னு இன்னொரு தடவை சொல்லிடுங்க. ஆன்லைன்ல புதுசா நிறைய பேர் இருக்காங்க."

அவருக்கு முகம் சுருங்கியது. சூடு பிடிக்கும் நேரத்தில் யார்தான் தண்ணீர் ஊற்றுவார்கள்? இருந்தாலும் சொன்னார். கட்டச் சட்டைக்காரர் ஏற்கெனவே தூக்கியிருந்த கையை மெல்ல இறக்கினார். உதட்டுக்குள்ளேயே கணக்குப் போட்டார், தலையை ஆட்டிக்கொண்டார். வேறு யாரும் கேட்கவில்லை. சுத்தியல் விழுந்தது. மெஷின் அத்தானுக்கு.

அத்தானைக் காப்பாற்றப் போய், எதிராளியின் கையை அல்லவா கட்டிவிட்டாள்? இதை யாராவது தோண்டினால், ஊழியரே சூது பண்ணித் தன் அத்தானுக்கு வாங்கிக்கொடுத்தாள் என்றுதானே சொல்வார்கள்? விலை குறைந்தால் நஷ்டப்படப்போகிற ஷெட் முதலாளி, கடைசி வரிசையில் முழங்கால்மேல் இரண்டு கைகளையும் வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் யாரையும் குற்றம் சொல்கிற மாதிரிப் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அடுத்த பொருளை எடுப்பதற்குள் எழுந்துவிட்டாள்.

"சார், அந்த நாற்பத்தொன்னு எங்க அத்தான். முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லல."

ஏலக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒலிபெருக்கியில் சொன்னார்: "தப்பு எங்க பக்கம். இந்த மெஷினை நாற்பத்தாறுலருந்து மறுபடி ஏலம் விடுறேன்." அவளை மேசையிலிருந்து எழுப்பிவிட்டு, கணினியில் வேறொருவரை உட்காரவைத்தார்.

அவள் சுவரோரமாக நின்றாள். இதற்குள் கணக்குப் போட்டு முடித்திருந்த கட்டச் சட்டைக்காரர் நாற்பத்தேழு என்றார். இணையத்தில் படம் கொஞ்சம் பிந்தித்தான் போகும். அத்தானின் பதிலும் பிந்தியே வந்தது. நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. பிறகு ஆன்லைனில் ஐம்பது. இதற்குமேல் போய்விடாதே அத்தான், போய்விடாதே என்று உள்ளுக்குள் அரற்றினாள். கட்டச் சட்டைக்காரர் அட்டையை மடியில் கவிழ்த்தார்.

மாலையில் ஏலக்காரர் கூப்பிட்டார். "வேலையை விட்டு அனுப்பியிருப்பேன்மா. நீயா வந்து சொன்னதால விடுறேன். கொஞ்ச நாளைக்குக் கம்ப்யூட்டர் பக்கம் வர வேண்டாம். சாமான் எடுத்துக் குடுக்கிற வேலையைப் பாரு."

அதனால்தான் மறுநாள் அத்தான் வாடகை வண்டியோடு வந்தபோது, மெஷினை எடுத்துக்கொடுக்க அவளே நிற்க வேண்டியிருந்தது. அத்தான் அதைச் சுற்றிச்சுற்றி வந்தார். மிதிகட்டையை அழுத்திப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"கமிஷன் இருபதுன்னு எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில். "நீ போனப்புறம் உங்க அக்காவும் நானும் உட்கார்ந்து படிச்சோம். ஐம்பதுக்கு மேல போறதில்லன்னுதான் இருந்தேன்."

"சொல்லியிருக்கலாமே அத்தான்."

"நீ கேட்டியா?"

அவள் கணக்குப் பார்த்தாள். நாற்பத்தாறுக்குக் கிடைத்தது ஐம்பதுக்குப் போய்விட்டது, அதற்குமேல் கமிஷன் வேறு.

"அக்கா கோவமா இருக்காளா?"

"இருக்கா. ஒரு வாரத்துக்கு வீட்டுப் பக்கம் வராத." அவர் குனிந்து மெஷினின் ஒரு காலைப் பிடித்தார். இடுப்பில் வலி சுருக்கென்று இழுத்ததில் முகம் கோணியது. "அந்தப் பக்கம் புடி. விரலை நசுக்கிக்காத."

அவள் பிடித்தாள்.