கோழிக்கறிக்கு வந்த நோட்டீஸ்

ஆறு நாள் பழைய கோழிக்கறி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஓட்டலை விட்டு இறங்கி, சட்டியோடு சாலை ஓரமாக நடந்து, நகராட்சிக் குழிக்குள் போய் விழுந்தது. காரணம் சாதாரணமானது. கெட்ட சரக்கு குழிக்குப் போக வேண்டும் என்று உத்தரவிடும் நோட்டீஸில், சுகாதார ஆபீசின் புதுக் குமாஸ்தா, பெறுநர் என்ற இடத்தில் ஓட்டல்காரர் பேருக்குப் பதில் கோழிக்கறி பேரை எழுதித் தொலைத்திருந்தார். பதினோரு வருஷமாக நோட்டீஸை மடித்து மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்த மனுஷர்களுக்கு இல்லாத பயம் கறிக்கு இருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து சுகாதார ஆய்வாளர் எல்லா நோட்டீஸையும் சரக்கின் பேருக்கே அனுப்பினார். புழுத்த மாவு, உப்பின டப்பா, நாறிய மீன் எல்லாம் செவ்வாய்தோறும் வரிசையில் போயின. பினாயில் ஊற்றி மண்ணைத் தள்ளுவதுதான் பாக்கி வேலை. மீன் மட்டும் வழியில் கொஞ்சம் சிணுங்கும்.

வினை ஆய்வாளரின் அக்கா ரூபத்தில் வந்தது. தாயில்லாத தம்பியை அக்கா ஆளாக்கியதே பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அவள் ஓட்டலை வைத்துத்தான். ஆய்வாளருக்கு மத்தியானச் சாப்பாடும் அங்கேதான். அங்கே சாப்பிட்ட இரண்டு பேருக்கு வாந்தி என்று புகார் வந்ததும் மனுஷன் மூன்று நாள் தூங்கவில்லை. விட்டால் யார் உயிராவது போகும்; விடாவிட்டால் அக்கா முகத்தில் விழிக்க முடியாது. கடைசியில், 'பெறுநர்: கெட்டது எதுவோ அது' என்று எழுதி, தலையைக் குனிந்துகொண்டே போய் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

"உன்னை வளர்த்த கை சமைச்சதுடா இது" என்றாள் அக்கா.

செவ்வாய்க்கிழமை பாதித் தெரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. பத்து மணிக்கு ஃபிரிட்ஜ் தானாகத் திறந்து, ஒரு வாளி சூப்பும் ஒரு தட்டு இறைச்சியும் இறங்கின. அக்கா இடுப்பில் கை வைத்து வாசலை மறித்தாள். சட்டமா அக்காவா என்று தெரியாமல் இரண்டும் நின்ற இடத்திலேயே தத்தளித்தன.

"விடுக்கா, பாவம். போகட்டும்" என்று ஆய்வாளர் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டார்.

அக்கா விலகினாள். குழி வரை கூடவே போனாள், தம்பி கையிலிருந்த பினாயிலைப் பிடுங்கித் தானே ஊற்றினாள். அதோடு பேச்சையும் சோற்றையும் நிறுத்திவிட்டாள். ஆய்வாளர் நாற்பது நாள் ரொட்டி தின்று இளைத்தே போனார்.

ஆனால் ஓட்டலில் கூட்டம் இரட்டிப்பானது. போக வேண்டியது போய்விட்டது, இருப்பதெல்லாம் நல்ல சரக்கு என்பது ஜனங்களின் கணக்கு. அக்கா ஒருநாள் ஆபீசுக்கு வந்து, வாய் திறக்காமல், வெற்று நோட்டீஸ் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போனாள். தினமும் காலையில் கடை திறக்குமுன், தம்பி எழுதியதையே எழுதி ஃபிரிட்ஜில் ஒன்று ஒட்டுவாள். எழுந்தது போகும், இருந்தது பரிமாறப்படும். நாற்பத்தோராம் நாள் மத்தியானம் தம்பிக்கு ஆள் அனுப்பினாள். தட்டை அவர் முன்னால் வைத்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அசையவில்லை.

"சாப்பிடு" என்றாள்.