ஒரு சுழி குறைந்த ஜெபக்குறிப்பு

துக்கம் வந்து சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. முகவரி சரியாக இல்லாததால் அது முதலில் தையல்காரர் வீட்டுக்குப் போய்விட்டது. ஒரு பள்ளிச் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவர், ஞாயிற்றுக்கிழமை கைகுலுக்கியதைத் தவிர அதிகம் பழகியிராத, ஒரு வருடத்துக்கு முன்பே இறந்துபோன பூட்டுக்காரர் ஒருவருக்காகத் தேம்பித் தேம்பி அழுது சட்டையை நனைத்துவிட்டார். நான்கு மணிக்கு அது ரொட்டிக்கடைக்காரரிடம் இருந்தது. இருட்டுவதற்குள் சபையின் நாற்பத்திரண்டு வீடுகளில் நாற்பது வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. அடுப்பில் வைத்ததெல்லாம் தீய்ந்துபோனது. தலைமையாசிரியர் வீட்டுக்கும் உரியவள் வீட்டுக்கும் மட்டும் அது வரவில்லை.

அது யாருடைய துக்கம் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. பூட்டுக்காரரின் மனைவி வெந்நீரக்காவுடையது. படுக்கையில் விழுந்தவர்களை வீடு வீடாகப் போய்த் துடைத்துக் குளிப்பாட்டுவது சபையில் அவள் எடுத்துக்கொண்ட ஊழியம். பெயரும் அப்படி வந்ததுதான். பதினெட்டு வருடமாக ஒரு வீட்டிலும் அவள் டீ குடித்ததில்லை. யார் என்ன சொன்னாலும், “நான் பாத்துக்கறேன்” என்பாள். பூட்டுக்காரர் இறந்தபோதும் அதைத்தான் சொன்னாள். சவப்பெட்டிக்காரரிடம் அளவு சொன்னாள், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று இரண்டு பேர் சொன்னார்கள். அவர்களுக்கும் அவள்தான் நாற்காலி போட்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் சுடவில்லை. கொதிக்கிற கெட்டிலை வெறுங்கையால் தூக்கினாள், கையும் சிவக்கவில்லை. வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை. நாள் விடிந்தது, நாள் முடிந்தது. தூக்கம் என்று ஒன்று இருந்ததே மறந்துபோனது. பதின்மூன்றாம் மாதம், தலைமையாசிரியரின் காலைத் துடைக்க வெந்நீரில் கைவிட்டுப் பார்த்து, பதம் சரி என்று ஊற்றினாள். காலில் தோல் பொள்ளி உரிந்தது. “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கக்கா” என்றாள் அவர் மருமகள், முடிந்தவரை தன்மையாக. மற்ற வீடுகளிலும் கதவுகள் தன்மையாகச் சாத்தப்பட்டன. அந்த ஊழியம் போனால் அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை.

தூங்காத உடம்பு மரத்துப்போகத்தானே செய்யும் என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்து, தூக்கம் வர ஜெபிக்கும்படி ஒரு துண்டுத் தாளில் எழுதி ஆலயப் பெட்டியில் போட்டாள். அறிவிப்புத் தாளைத் தட்டச்சு செய்யும் போதகரின் தங்கை அன்றைக்கென்று பார்த்து, கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். ஒரு சுழி விட்டுப்போய், நெடில் குறிலானது. “நம் சகோதரிக்குத் துக்கம் வரும்படி ஜெபிப்போம்” என்று அச்சாகிவிட்டது. போதகர் ஒரு கணம் தயங்கினார். அச்சில் உள்ளதைத் தாண்டிப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை. சபையாருக்கோ அது நியாயமான விண்ணப்பமாகவே பட்டது. வெந்நீரக்கா பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை. மூன்று வாரம் மனதார ஜெபித்தார்கள். எந்தச் சகோதரி, எந்தத் தெரு என்று சொல்ல மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆகவே துக்கம் கேட்டவர்கள் வீட்டுக்கே வந்தது.

வந்ததை வைத்துக்கொள்வது முறையல்ல என்று போதகர் ஒரு பட்டியல் போட்டார். நாளுக்கு மூன்று பேர் அவள் வீட்டுக்குப் போய் உரியதைச் சேர்ப்பிக்க வேண்டும். ரொட்டிக்கடைக்காரர் வந்து, பூட்டுக்காரரின் சட்டைப்பையில் எப்போதும் இரும்புத்தூள் இருக்கும் என்று சொல்லி அழுதார். பியானோ வாசிக்கும் பெண், சாவி ராவும்போது அவர் முணுமுணுக்கும் மெட்டைப் பாடி அழுதாள். தையல்காரர் வாசலிலேயே நெளிந்தார்.

“அவர் தூங்கும்போது... உங்க பின்னல் நுனிய விரல்ல சுத்திக்குவாராமே.”

“உங்களுக்கு யாருண்ணே சொன்னா?”

“யாரும் சொல்லலம்மா. அழும்போது தெரிஞ்சுது.”

அவள் எல்லோருக்கும் டீ கொடுத்தாள். வெறுங்கையால் கெட்டிலைத் தூக்கித்தான் ஊற்றினாள். எல்லாம் உண்மை என்று தலையாட்டினாளே தவிர உள்ளே ஒன்றும் அசையவில்லை. அவள் பயந்தது ஒன்றுக்குத்தான். பூட்டுக்காரர் இறந்த காலையில் ஃபோன் செய்து, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றார். அவள் வேலையாக இருந்தாள். “அரை மணி நேரம் பொறுங்க, நான் வந்து பாத்துக்கறேன்” என்றாள். வந்தபோது பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. வருகிற ஒவ்வொருவர் வாயிலிருந்தும் அந்த ஃபோன் வரும் என்று காத்திருந்தாள். நாற்பது வீடும் வந்து போயின. அது மட்டும் வரவில்லை.

சபையார் எல்லோர் பெயரும் இருந்த பட்டியலில் மிச்சமிருந்தவர் தலைமையாசிரியர். அவரால் எழுந்து வர முடியாது என்பதால் அவளே போனாள். பட்டியல் என்றால் பட்டியல்தான். கட்டிலில் இருந்தவர், தண்ணீர் வைக்கச் சொன்னார்.

“வேணாம் சார். கை மரத்துப்போச்சு, மறுபடி பொள்ளிடும்.”

“பொள்ளினா பொள்ளட்டும். வைங்க.”

அவள் அகலப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றித் துண்டை நனைக்கக் குனிந்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். “எங்க வீட்டுக்குத் துக்கம் வரல. பதினாலு மாசமா இங்கதான் இருக்கு. அன்னைக்கு ஃபோன்ல அவர் பேசுனது எனக்கும் கேட்டுச்சும்மா. போங்கன்னு நான் சொல்லியிருக்கணும். முதுகுல வெந்நீர் பட்டு சுகமா இருந்துச்சு. சொல்லல.”

“ஐயோ, சுடுது!” என்று அவள் கையை உதறினாள்.

விரல் நுனியிலிருந்து முழங்கை வரை சிவந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் ஆறிப்போகும்வரை அழுதாள். மருமகள் வேறு தண்ணீர் வைத்தாள், அதுவும் ஆறியது. மூன்றாவது தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்து, கொஞ்சம் பச்சைத்தண்ணீர் விளாவி, அவரைத் துடைத்துவிட்டாள். மருமகள் கொடுத்த டீயை வாங்கிக் குடித்தாள். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். கோப்பையை எடுக்க வந்த மருமகள், நாற்காலிக்கு வெளியே தொங்கிய பின்னல் நுனி அந்தரத்தில் ஒரு விரல் தடிமனுக்குச் சுற்றி நிற்பதைப் பார்த்தாள். ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு வெளியே போனாள்.

வெந்நீரக்கா பழையபடி வீடு வீடாகப் போகிறாள். போதகரின் தங்கைக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. இருந்தாலும், தூக்கம் வேண்டும் என்று யாராவது சீட்டு எழுதிக் கொடுத்தால் அவள் உடனே தட்டச்சு செய்வதில்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டு, “குறிலா, நெடிலா?” என்று கேட்கிறாள். வந்தவர்கள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள்.