ஒருவருக்கென்று திறந்த வாயில்

கதிரவன் மேலைக் கடலின் விளிம்பில் செம்பொற் குழம்பென உருகிக்கொண்டிருக்க, துறையில் பாய் சுருட்டிய கலங்கள் இலையுதிர்த்த மரங்களெனத் தோன்ற, கல் பாவிய தெருக்களில் விளக்கேற்றுவாரும் இன்றி ஊரே மூச்சடக்கிக் கிடந்த மாலைப்பொழுது அது. அறிவுசால் அன்பரே, அயலவர் ஆண்ட அந்நாளில் அவ்வூரைக் கொள்ளைநோய் பற்றியது. ஆளுநரோ, நெசவாளரும் சுமைதூக்குவோரும் நெருங்கி வாழ்ந்த தெருக்களைச் சுற்றிப் பலகைச் சுவர் எழுப்பி, ஒரே வாயில் விட்டு, உள்ளிருப்போர் எவரும் வெளிவரலாகாது என ஆணையிட்டுக் காவலும் வைத்தார்.

அவ்வாயிலை நோக்கி நரைகூடிய பெண்ணொருத்தி விரைந்தாள். அவள் அவ்வூர்த் திருச்சபையின் தலைவரான ஆயரின் தமக்கை. தாயை இழந்த தம்பியை இடுப்பிலே சுமந்து வளர்த்து, தனக்கென ஒரு வாழ்வு தேடாது, அவர் ஆயரான பின்னும் அவர்தம் இல்லத்தில் உலை வைத்தும் அங்கியின் கிழிசல் தைத்தும் காலங்கழித்தவள். படுக்கையையும் போர்வையையும் அவர் நோயாளருக்கு ஈந்துவிடும்போதெல்லாம், "இப்படியே போனா நாளைக்கு என்னையும் தூக்கிக் குடுத்துருவ நீ!" என்று சீறுவாள். "உன் வாய்க்குப் பயந்து யாரு, அக்கா, உன்ன வாங்கிப்பாங்க?" என்று அவர் நகைப்பார்.

சுவரை அகற்றுமாறு ஆயர் இரந்தும் ஆளுநர் இசையவில்லை. ஆகவே, உள்ளே புகுந்தார் மீளார் என்பதை அறிந்தே அவர் உள்ளே புகுந்தார். நீர் சுமந்தார், புண் கழுவினார், இறந்தோர்க்குக் குழி தோண்டினார். அவர் மெலிந்து தள்ளாடுகிறார் எனக் காவலன் வாயிலாகக் கேட்ட தமக்கை, ஆளுநர் மாளிகைப் படிகளில் விழுந்து கிடந்து அழுதாள். ஆயர் மாண்டால் தம் ஆட்சிக்கு இழுக்கு நேரும் என அஞ்சிய ஆளுநர், ஒருவர் மட்டும் வெளிவரலாம் எனக் காவலருக்குச் சொல்லியனுப்பினார்.

அச்செய்தி கேட்டே தமக்கை அம்மாலையில் விரைந்து வந்தாள்; வாயில் திறந்தது. உலர்ந்த கொடிபோல் மெலிந்த ஆயர், தூய துணியில் பொதிந்த ஒரு பெண்மகவைக் கையில் ஏந்தி நின்றார்.

"வா தம்பி, சீக்கிரம் வா. வெந்நீர் போட்டு வச்சிருக்கேன்."

அவர் படி தாண்டவில்லை. "அக்கா, இவளுக்கு நோய் இல்ல. அம்மாக்காரி மத்தியானம் போய்ச் சேந்துட்டா. ஒருத்தர் வரலாம்னுதானே உத்தரவு?"

காவலன் தலைகுனிந்து அப்பால் நகர்ந்தான்.

"உனக்காகடா அந்தப் படியில விழுந்து கிடந்தேன்! யாரோ பெத்த பிள்ளைக்காகவா?"

"தெரியும்க்கா. நான் வந்துட்டா, சாமியாரும் நம்மள விட்டுட்டுப் போயிட்டாருன்னு உள்ள இருக்கிறவங்க மனசு ஒடைஞ்சிரும். அதுக்கப்புறம் உன் கையால சோறு போட்டாலும் எனக்கு எறங்காது."

கைகளை இறுகக் கட்டி முகந்திருப்பினாள் அவள். மகவு வீறிட்டது. திரும்பியவள், தம்பியின் கண்கள் அனலெனச் சிவந்திருப்பதை அப்போதே கண்டாள்.

"உனக்குக் காய்ச்சலா தம்பி?"

"ஆமாக்கா. நேத்துலேருந்து."

அவள் பாய்ந்து வந்தாள். அவரோ மகவை வாயிற்படியிலே கிடத்தி, தமக்கையின் கை தம்மைத் தீண்டாவண்ணம் பின்னே நகர்ந்து நின்றார். எடுத்து வளர்த்த உடலைத் தொடவியலாத கைகள், தனக்கு ஏதுமாகாத ஒரு சிற்றுடலை அள்ளிக்கொண்டன. வாயில் மூடியது.

சின்னாளில் ஆயர் மறைந்தார். பிறரோடு ஒரே குழியில் அடக்கமானார். அவர் முகத்தை அவள் காணவில்லை. பின்னர் நோய் தணிந்து, சுவரும் வீழ்ந்தது. மகவுக்குப் பாலூட்டினாள், நீராட்டினாள்; எனினும் நெடுநாள் அதன் முகத்தை நேர்நோக்க அவளால் இயலவில்லை. தம்பியின் உயிரை விலையாகக் கொண்டு வந்தது இது என்னும் கசப்பு, நெஞ்சில் முள்ளெனத் தைத்திருந்தது. ஒருநாள் காய்ச்சலில் அம்மகவு துவள, 'இதையும் இழப்பேனோ' என நெஞ்சு பதறிய கணத்தில்தான், தான் தாயாகிவிட்டதை அவள் அறிந்தாள்.

ஆண்டுகள் சில கழிந்து, ஊர் ஆயருக்குக் கல் நாட்டி, அருளாளர் எனப் போற்றியது. அவ்விழாவுக்கு அவள் செல்லவில்லை; வீட்டில் சிறுமிக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். அறம் புரிந்தாரின் பெயரை உலகம் கல்லிலே பொறித்து ஆறுதல் கொள்ளும். அவ்வறத்துக்காக அவரை இழந்தாரோ, அவர் விட்டுச்சென்ற உயிர்களைக் கண்ணீரோடு வளர்த்துக் காலங்கழிப்பர்.